கூட்டலில் அடங்காத ஜோடி

2022 ஆகஸ்டில் பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் போட்டியில், டேபிள் டென்னிஸைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் வாய்க்காத ஒரு சோதனை யாரும் திட்டமிடாமலே அமைந்தது. ஆடவர் ஒற்றையரில் கடைசி நால்வராக நின்றவர்கள் சென்னையின் சரத் கமல், சத்தியன், இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்ட், பால் டிரிங்க்ஹால். அரையிறுதியில் சரத் டிரிங்க்ஹாலை 4-2 என்று வென்றார்; பிட்ச்ஃபோர்ட் சத்தியனை 4-1 என்று வென்றார். இறுதி ஆட்டத்தில் சரத் பிட்ச்ஃபோர்டை 4-1 என்று வீழ்த்தித் தங்கம் பெற்றார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் சத்தியன் டிரிங்க்ஹாலை 4-3 என்று வென்றார். அதாவது, இந்த இரு இந்தியரும் இரு ஆங்கிலேயரும் தனித்தனியாக மோத எத்தனை வழி உண்டோ அத்தனையும் நடந்துவிட்டது. நான்கு ஆட்டங்களில் மூன்று இந்தியாவுக்கு. இதே நால்வர், இதே அரங்கில், இதே நாட்களில் ஆடவர் இரட்டையர் இறுதியிலும் எதிரெதிரே நின்றார்கள். அதில் 8-11, 11-8, 11-3, 7-11, 11-4 என்ற கணக்கில் தங்கம் வாங்கியது இங்கிலாந்து ஜோடி. நான்கு ஆண்டுகளுக்கு முன் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியின் இறுதியிலும் இதே இரண்டு ஜோடிகள்தாம் ஆடின. அங்கும் 3-2 என்று இங்கிலாந்துதான் வென்றது.

இதைத் துரதிர்ஷ்டம் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் இரட்டையர் ஆட்டம் என்பது இரண்டு ஒற்றையர் ஆட்டக்காரர்களின் பலத்தைக் கூட்டினால் கிடைக்கும் தொகை அல்ல, தனிச் சட்டமும் தனித் திறமையும் கொண்ட வேறொரு ஆட்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கடினம். இந்தியாவுக்கு எதிராக மட்டும் பேசுகிற சாட்சியும் அல்ல இது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பியது. அங்கே ஆடவர் ஒற்றையரில் தங்கமும் வெள்ளியும் பெற்றவர்கள் சிங்கப்பூரின் யாங் ஸி, காவ் நிங். சரத்துக்கு வெண்கலம். ஒற்றையரில் முதலிரண்டு இடங்களைப் பிடித்த அந்த இருவரும் ஜோடி சேர்ந்து இரட்டையர் இறுதிக்கு வந்தபோது, சரத் கமலும் மேற்கு வங்கத்தின் சுபஜித் சாஹாவும் அவர்களைத் தோற்கடித்துத் தங்கம் வென்றார்கள். டெல்லியில் கிடைத்த தங்கமும் பர்மிங்காமில் கை நழுவிய தங்கமும் ஒரே உண்மையின் இரண்டு பக்கங்கள்.

அந்த உண்மை எங்கிருந்து வருகிறது என்பதை விதிகளிலேயே காணலாம். டேபிள் டென்னிஸ் மேசையின் நடுவே நீளவாக்கில் 3 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. ஒற்றையர் ஆட்டத்தில் அந்தக் கோட்டுக்கு வேலையே இல்லை. அது இரட்டையருக்காக மட்டும் வரையப்பட்டது. ஒற்றையரில் சர்வீஸ் போடுபவர் எதிராளியின் மேசையில் எந்த மூலைக்கும் பந்தை அனுப்பலாம். இரட்டையரில் பந்து முதலில் தன் பக்கத்து வலப் பாதியில் பட்டு, குறுக்காகச் சென்று, எதிரணியின் வலப் பாதியில் விழ வேண்டும். மேசையின் மொத்த அகலம் 152.5 சென்டிமீட்டர், சர்வீஸை வாங்குபவர் கவனிக்க வேண்டியது அதில் பாதியை மட்டுமே. எந்தப் பக்கம் வரும் என்ற கேள்வி அவருக்கு இல்லாமல் போகிறது. ஒற்றையரில் சர்வீஸை வைத்தே புள்ளிகளைக் குவிக்கும் ஒருவருக்கு இங்கே பாதி ஆயுதம் பறிபோகிறது. மிச்சம் இருப்பவை பந்தின் சுழலும் நீளமும்தான்: வலைக்கு அருகே இரண்டு முறை குதிக்கும்படி குட்டையாகப் போடுவது, மேசையின் விளிம்பை ஒட்டி நீளமாகப் போடுவது, சுழல் இருப்பதுபோல் காட்டிச் சுழலே இல்லாமல் அனுப்புவது.

இதைவிடப் பெரிய மாற்றம் அடுத்த பந்தில் இருக்கிறது. ஜோடியில் இருவரும் மாறி மாறித்தான் பந்தை அடிக்க வேண்டும். முறை தவறி அடித்தால் புள்ளி எதிரணிக்குப் போய்விடும். ஒற்றையர் பயிற்சியின் அடித்தளமே ‘மூன்றாவது பந்து’ என்பதுதான். நான் சர்வீஸ் போடுகிறேன், எதிராளி திருப்புகிறார், அந்தத் திருப்பலை நான் தாக்குகிறேன். சர்வீஸும் தாக்குதலும் ஒரே மூளையில், ஒரே கையில் பிறக்கின்றன. இரட்டையரில் அந்த மூன்றாவது பந்தை அடிப்பவர் சர்வீஸ் போட்டவர் அல்ல, அவருடைய கூட்டாளி. எனவே போடுகிற ஒவ்வொரு சர்வீஸும் இன்னொருவரின் கைக்குப் பொருந்த வேண்டும். எனக்குப் பிடித்த சர்வீஸ் எது என்று பார்ப்பதற்கு முன், இதற்கு வரும் திருப்பல் என் கூட்டாளியால் அடிக்கத் தக்கதாக இருக்குமா என்று யோசிக்க வேண்டும். சர்வீஸ் போடுமுன் ஆட்டக்காரர்கள் மேசைக்குக் கீழே விரல்களால் சைகை காட்டிக்கொள்வது அதனால்தான். சர்வீஸ் வாங்குபவருக்கும் இதே பொறுப்பு உண்டு. அவர் திருப்பும் பந்துக்கு என்ன பதில் வரும், அந்தப் பதில் தன் கூட்டாளிக்கு வசதியான இடத்துக்கு வருமா என்று நொடிக்குள் கணித்தாக வேண்டும். பிறருக்காகப் பந்தைத் தயார் செய்து வைக்கும் இந்தத் திறமை ஒற்றையர் தரவரிசையில் எங்கும் பதிவாவதில்லை. அதற்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்து, கால்கள். அடித்த பிறகு இடத்தைக் காலி செய்வது இரட்டையரின் உயிர்நாடி. குறுகலான சமையலறையில் ஒரே அடுப்பின் முன் இருவர் மாறி மாறி நின்று வதக்கினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் கரண்டியை எடுத்த கணமே மற்றவர் விலகியிருக்க வேண்டும், விலகியவர் அடுத்த கணம் திரும்பி வந்தாக வேண்டும். இருவருமே வலக்கைக்காரர்களாக இருந்தால் இருவருக்கும் வேண்டிய இடம் ஒன்றே: மேசையின் இடது மூலையை ஒட்டி நின்று ஃபோர்ஹேண்டில் அடிக்கும் இடம். ஆகவே ஒருவர் அடித்துவிட்டுப் பின்னால் வளைந்து சுற்றிவர, மற்றவர் முன்னால் நுழைய வேண்டியிருக்கிறது. எதிரணி சும்மா இருக்குமா? யார் கடைசியாக அடித்தாரோ அவர் உடலை நோக்கியே பந்தைத் திருப்பி அனுப்பும். அவர் விலகத் தாமதித்தால் கூட்டாளிக்குப் பந்தே தெரியாது. ஒருவர் இடக்கை, மற்றவர் வலக்கை என்றால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். ஒவ்வொருவரும் தத்தம் பக்கம் ஒதுங்கினால் போதும். குறுக்கே ஓட வேண்டிய தேவை குறைகிறது. அதோடு, சர்வீஸ் எப்போதும் வலப் பாதியில் வந்து விழுவதால், இடக்கைக்காரர் மேசையின் வலப்பக்கம் ஒதுங்கி நின்றே ஃபோர்ஹேண்டால் அதை எதிர்கொள்ள முடியும். கூட்டாளியின் வழியிலும் அவர் நிற்கமாட்டார்.

உலகச் சாம்பியன் பட்டியலைப் பார்த்தால் இது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியும். 2013 முதல் 2025 வரை நடந்த ஏழு உலகச் சாம்பியன்ஷிப்புகளில் ஆடவர் இரட்டையர் பட்டம் வென்ற ஏழு ஜோடிகளும் இடக்கை, வலக்கை சேர்ந்தவை. அந்த ஏழில் மூன்று சீன ஜோடிகள் அல்ல என்பது அதைவிட முக்கியம். 2013இல் தைவானின் சுவாங் சி-யுவான், சென் சியென்-ஆன். 2021இல் ஸ்வீடனின் மத்தியாஸ் ஃபால்க், கிறிஸ்டியான் கார்ல்சன். 2025இல் ஜப்பானின் ஷினோசுகா, டொகாமி. ஆடவர் ஒற்றையரில் 2003இல் ஆஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகர் வென்ற பிறகு உலகப் பட்டம் சீனாவை விட்டு ஒரு முறைகூட வெளியே போனதில்லை. ஒற்றையரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இறுக மூடிக் கிடக்கும் கதவு இரட்டையரில் மூன்று முறை திறந்திருக்கிறது. தனியாளாகச் சீனாவைத் தாண்ட முடியாத நாடுகள், ஜோடியாகத் தாண்ட ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

இங்கே ஒருவர் ஒலிம்பிக் பட்டியலை எடுத்து நீட்டலாம். ஆடவர் இரட்டையர் ஒலிம்பிக்கில் இருந்தது 1988 சியோல் தொடங்கி 2004 ஏதென்ஸ் வரை ஐந்து முறை. ஐந்து தங்கமும் சீனாவுக்கே. பலம் உள்ளவன்தானே வென்றான், இதில் தனித் திறமை எங்கே வந்தது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தத் தங்கங்கள் எப்படி வந்தன என்று பார்த்தால் பதில் வேறாக இருக்கிறது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் கோங் லிங்ஹுய்க்கு, வெண்கலம் லியு குவோலியாங்குக்கு. நான்கு ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டாவில் இரட்டையர் தங்கம் வென்ற ஜோடியும் இவர்கள்தாம். அப்படிப்பட்ட இருவர் சிட்னி இரட்டையர் இறுதியில் தோற்றார்கள். வென்றவர்கள் அதே சீனாவின் வாங் லீச்சின், யான் சென். இந்த இருவருமே சிட்னியில் ஒற்றையரில் களமிறங்கவே இல்லை, இரட்டையருக்கென்று அழைத்துவரப்பட்டவர்கள். யான் சென் இடக்கைக்காரர். 1992இல் வாங் தாவ், 2004இல் சென் சி என்று சீனாவின் மற்றத் தங்க ஜோடிகளிலும் இடக்கைக்காரர்களைக் காணலாம். சீனாவிடம் பலமான ஆட்கள் நிறைய இருந்தார்கள் என்பது உண்மை. அந்த நிறைவை வைத்து, தரவரிசையில் முதலிரண்டு பேரை அப்படியே ஜோடியாக்கி அனுப்புவதோடு நிற்காமல், ஜோடி என்றே தனியாகவும் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் உண்மை. பின்னாளில் இடக்கைக்காரரான சூ ஷின் விஷயத்திலும் இதையே செய்தார்கள். 2016 ரியோவிலும் டோக்கியோவிலும் அவருக்கு ஒற்றையரில் இடம் தரப்படவில்லை. ஆனால் இரட்டையர் ஆட்டமும் அடங்கிய அணிப் போட்டிக்கு அந்த இடக்கை இரண்டு முறையும் தேவைப்பட்டது.

இன்னொரு மறுப்பு எண்ணிக்கையைப் பற்றியது. பர்மிங்காமில் நடந்தது ஐந்து செட் ஆட்டம், முடிவு 3-2. இரண்டு பந்துகள் வலை விளிம்பில் பட்டு இந்தப் பக்கம் விழுந்திருந்தால் கதை மாறியிருக்கும், இதை வைத்து ஒரு கொள்கையை நிறுவலாமா? ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து நிறுவ முடியாதுதான். இங்கிலாந்து ஜோடி நம் ஜோடியைவிட மேலானது என்றும் நான் வாதிடவில்லை. இரண்டு இறுதிகளும் கடைசி செட் வரை சென்றன. ஒற்றையர் முடிவை வைத்து இரட்டையர் முடிவைச் சொல்ல முடியாது என்பதே என் வாதம். அதற்கு டெல்லி, சிட்னி, பர்மிங்காம் மூன்றும் ஒரே திசையில் சாட்சி சொல்கின்றன. களைப்பைக் காரணம் காட்டுபவர்களும் உண்டு. சரத்துக்கு அப்போது வயது 40. அணி, இரட்டையர், கலப்பு இரட்டையர், ஒற்றையர் என்று நான்கு பிரிவுகளிலும் ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் அதே சரத், இரட்டையர் இறுதியில் தோற்ற நாளிலேயே ஸ்ரீஜா அகுலாவுடன் கலப்பு இரட்டையர் தங்கம் வென்றார். மறுநாள் தன்னைவிட 11 வயது இளையவரான பிட்ச்ஃபோர்டை 4-1 என்று வென்றார். களைப்பு அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் தேடி வந்து பிடித்தது என்று நம்புவது கடினம்.

பர்மிங்காம் இறுதியின் செட் கணக்கை இரட்டையருக்கே உரிய ஒரு விதியின் துணையோடு படித்தால் இன்னும் சில விஷயங்கள் புலப்படும். இரட்டையரில் ஒரு செட் முழுவதும் யாருடைய பந்தை யார் எதிர்கொள்வது என்பது நிலையாக இருக்கும். அடுத்த செட்டில் அது தலைகீழாகும். முதல் செட்டில் பிட்ச்ஃபோர்டின் பந்து சரத்துக்கு வந்தால், இரண்டாவதில் அது சத்தியனுக்கு வரும். ஐந்தாவது செட்டில் ஒரு ஜோடி 5 புள்ளியை எட்டியதும் பக்கம் மாறும்போது வரிசையும் மாறும். எந்த வரிசை தமக்குச் சாதகம் என்று கணக்கிடுவது பயிற்சியாளர்களுக்குப் பெரிய வேலை. சாதகமான வரிசையில் செட்டை அள்ளுவது, பாதகமான வரிசையில் சேதத்தைக் குறைப்பது என்பது வழக்கமான உத்தி. அன்று முதல் செட்டிலும் மூன்றாவது செட்டிலும் வரிசை ஒன்றே. முதலாவதை இந்திய ஜோடி 11-8 என்று வென்றது. அதே வரிசையில் மூன்றாவதை 3-11 என்று இழந்தது. இரண்டாவதும் நான்காவதும் மற்றொரு வரிசை; 8-11 என்று தோற்றதை 11-7 என்று திருப்பினார்கள். எனவே வரிசை மட்டும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. அதே ஆளிடமிருந்து அதே பந்து மறுபடி வரும்போது, இடைப்பட்ட நேரத்தில் எந்த ஜோடி புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தது என்பதே ஒவ்வொரு செட்டையும் திருப்பியிருக்கிறது. ஒருவர் தன் ஆட்டத்தை மாற்றுவது ஒரு திறமை. இருவர் ஒரே சமயத்தில், ஒரே திசையில் மாறுவது வேறு திறமை. பின்னது சேர்ந்து ஆடிய மணிக்கணக்கில்தான் விளையும்.

நான் மிகவும் மதிக்கும் மறுப்பு ஒன்று உண்டு. அது சரத் கமலின் வரலாற்றிலிருந்தே வருகிறது. 2010, 2014, 2018, 2022 ஆகிய நான்கு காமன்வெல்த் போட்டிகளிலும் ஆடவர் இரட்டையர் இறுதியில் அவர் இருந்தார். டெல்லியில் சாஹா, கிளாஸ்கோவில் இன்னொரு தமிழ்நாட்டு ஆட்டக்காரரான அந்தோணி அமல்ராஜ், பிறகு இரண்டு முறை சத்தியன். மூன்று வெவ்வேறு கூட்டாளிகள், ஒரு தங்கம், மூன்று வெள்ளி. கூட்டாளி மாறியும் இறுதி மாறவில்லை என்றால், ஒரு பெரிய ஆட்டக்காரர் இருந்தாலே போதும், ஜோடிப் பொருத்தம் என்பது மிகைப்படுத்தப்பட்டது என்று ஆகாதா? ஓரளவு ஆகும்தான். ஒருவரின் பலம் ஒரு ஜோடியை வெகுதூரம் இழுத்துச் செல்லும் என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் சரத்திடம் இருந்தது வெறும் ஒற்றையர் பலமா? அவருடைய ஃபோர்ஹேண்டின் வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மூன்று வெவ்வேறு பாணி ஆட்டக்காரர்களுக்குப் பொருந்தும்படி தன் ஆட்டத்தை அமைத்துக்கொண்ட திறமை குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. மேசையை ஒட்டி நின்று விரைவாக ஆடும் சத்தியனோடு, அந்த நெடிய உருவம் பின்னால் சுற்றி வந்து இடம் பிடித்த விதத்தைப் பார்த்தவர்கள் அதை ஒற்றையர் திறமையின் உபரி என்று சொல்லமாட்டார்கள். இரட்டையர் திறமை தனி மனிதரிடமும் குடிகொள்ளும். அது தரவரிசை எண்ணில் தெரியாது, அவ்வளவுதான்.

ஒற்றையர் பலத்தைவிடச் சேர்ந்து வளர்ந்த பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நம் மகளிர் தந்த சான்று இன்னும் வலுவானது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் சுதிர்த்தா முகர்ஜி, அய்ஹிகா முகர்ஜி ஜோடி காலிறுதியில் சீனாவின் சென் மெங், வாங் யிடி ஜோடியை 3-1 என்று வென்று, பிறகு வெண்கலம் பெற்றது. சென் மெங் டோக்கியோ ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் வென்றவர். அவரை வென்ற இருவரும் மேற்கு வங்கத்தின் நைஹாட்டி என்ற ஒரே ஊர்க்காரர்கள், ஒரே இடத்தில் சேர்ந்து பயிற்சி எடுத்தவர்கள். ஆசியப் போட்டியில், சீன மண்ணில், சீன ஜோடியை வெல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் இன்னும் சரியாக உணரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது இதையெல்லாம் பேசுவதற்கு அவசரமான காரணம் இருக்கிறது. 2008 பெய்ஜிங்கில் அணிப் போட்டிக்கு இடம் விட்டு ஒலிம்பிக்கிலிருந்து வெளியேறிய ஆடவர் இரட்டையரும் மகளிர் இரட்டையரும் 2028 லாஸ் ஏஞ்சலிஸில் திரும்பி வருகின்றன. அங்கே டேபிள் டென்னிஸில் மொத்தம் ஆறு தங்கம்: இரு ஒற்றையர், இரு இரட்டையர், ஒரு கலப்பு இரட்டையர், ஒரு கலப்பு அணி. ஆறில் மூன்று நேரடியாக ஜோடிகளுக்கே. அணிப் போட்டியிலும் இரட்டையருக்குப் பங்கு உண்டு என்பதைப் பாரிஸ் காட்டியது. 2024இல் ருமேனியாவை இந்திய மகளிர் 3-2 என்று வென்றபோது, முதல் ஆட்டமான இரட்டையரில் ஸ்ரீஜாவும் அர்ச்சனா காமத்தும் பெற்ற வெற்றி இல்லாவிட்டால் அந்த 3 வந்திருக்காது. ஒற்றையரில்தான் பணமும் பெயரும், சங்கங்கள் அதில் கவனம் செலுத்துவது இயல்பு என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கையே பதிலாகத் தருவேன். இந்தியாவிலிருந்து ஒருவர் ஒற்றையரில் ஒலிம்பிக் பதக்கம் பெற, வழியில் ஒன்றிரண்டு சீனர்களையோ அவர்களுக்கு இணையானவர்களையோ தாண்டியாக வேண்டும். இரட்டையரில் ஒரு நாட்டிலிருந்து வரும் ஜோடிகளே குறைவு. வருகிற சீன ஜோடியும் தோற்கடிக்கத் தக்கது என்பதைத் தைவானும் ஸ்வீடனும் ஜப்பானும் நிரூபித்திருக்கின்றன.

இதற்கு முதலில் மாற வேண்டியது தேர்வு முறை. ஒற்றையர் தரவரிசைப்படி ஆட்களை எடுத்துவிட்டு, அந்தப் பட்டியலுக்குள்ளேயே ஜோடி தேடும் பழக்கத்தால், பர்மிங்காமிலும் கோல்டு கோஸ்டிலும் நாம் இறுதிக்கு அனுப்பியது இரண்டு வலக்கைக்காரர்களை. (இங்கிலாந்து ஜோடியும் அப்படித்தான், அதனால் அங்கே நமக்குத் தனி இழப்பு இல்லை. ஆசிய, ஒலிம்பிக் களங்களில் எதிரே நின்றவர்கள் ஃபான் ஜென்டாங், வாங் சூச்சின் போன்ற வலக்கை, இடக்கை ஜோடிகள்.) சரத் 2025 மார்ச்சில் சென்னையில் விடைபெற்றுவிட்டார். அடுத்து மானவ் தாக்கர், இடக்கைக்காரரான மானுஷ் ஷா போன்றவர்கள் சேர்ந்து ஆடுகிறார்கள். அவர்களையோ அவர்களைவிடப் பொருத்தமான வேறு இருவரையோ இப்போதே ஜோடி என்று அறிவித்து, ஒற்றையரில் ஒருவர் சற்றுச் சரிந்தாலும் கலைக்காமல், பன்னாட்டுத் தொடர்களுக்குச் சேர்த்தே அனுப்ப வேண்டும். மாநில அளவிலும் பள்ளி அளவிலும் இரட்டையர் ஆட்டங்களை ஒற்றையர் முடிந்த களைப்பில் அவசரமாக நடத்தி முடிக்காமல் தனி நாள் ஒதுக்க வேண்டும். இடக்கைப் பிள்ளைகளைப் பத்து, பன்னிரண்டு வயதிலேயே அடையாளம் கண்டு, வலக்கைக் கூட்டாளியோடு நிலையாக ஆட வைக்க வேண்டும். இதற்குப் புதிய அரங்கமோ விலை உயர்ந்த கருவியோ தேவையில்லை. மேசையில் அந்த 3 மில்லிமீட்டர் கோடு ஏற்கெனவே இருக்கிறது. பயிற்சி நேரத்தில் அதைப் பயன்படுத்தினால் போதும்.